கும்பிடு மேடம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் அந்தம்மா கம்பெனி கேட்டில் நின்று கை கூப்பியபோது, உள்ளே வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு தடவை திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். மந்திரி கிந்திரி யாராவது வருகிறாரோ என்று. பின்னால் யாரும் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டும் அதற்கு அப்பால் ரயில் பாதையும்தான் இருந்தன. கையில் சோற்றுத் தூக்கோடு வந்த மனிதன் எப்படிக் கும்பிடுவான்? பாதிப் பேர் தூக்கைத் தரையில் வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். மீதிப் பேர் வேலியோரமாகவே நடந்து தப்பித்தார்கள்.

ஹெல்பர் ஏழுமலை நேராக டைம் ஆபீஸில் என் ஜன்னலுக்கு வந்தான்.

"இன்னா சார் இது, அந்தம்மா கும்புடுது? நாம இன்னா பொண்ணு பாக்கவா வந்துகீறோம்?"

"எனக்கு மட்டும் என்னப்பா தெரியும். டோக்கனைப் போட்டுட்டு உள்ள போ," என்றேன்.

எனக்கு உண்மையிலேயே தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்காரும்போதும் தெரியவில்லை. அந்தம்மா நல்லவரா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று வாயைத் திறப்பேன், அதற்குள் ஏழுமலையின் முகம் ஞாபகம் வந்துவிடும். சரி, கெட்டவரா என்றால் அதையும் சொல்ல என்னால் ஆகாது. எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் அப்போது ஒவ்வொரு கம்பெனியாக வர ஆரம்பித்திருந்த சமயம். எங்களுடையது விமானத்துக்கு ஏணி செய்கிற கம்பெனி. விமானம் வந்து நின்றதும் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போய் வைப்பார்களே, சக்கரம் வைத்த படிக்கட்டு, அதுதான். கூடவே பெட்டி ஏற்றுகிற தள்ளுவண்டியும் செய்தோம். ஊர்க்காரர்கள் ஏணிக் கம்பெனி என்பார்கள். நூற்றைம்பது பேர் வேலை செய்தோம், ஒருத்தரும் விமானத்தில் ஏறியதில்லை. நான் டைம் ஆபீஸ் கிளார்க். ஆள் ஒவ்வொருவனுக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. அதைப் பலகையிலிருந்து எடுத்து என் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் போட்டால் அவன் அன்றைக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். நான் எண்ணிப் பார்த்துப் புத்தகத்தில் ஏற்றுவேன்.

அந்தம்மா பர்சனல் ஆபீசராக, அதாவது ஆட்களைக் கவனிக்கிற அதிகாரியாக, வந்தவர். அதற்கு முன் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் விமானத்தில் ஏர் ஹோஸ்டஸாக இருந்தாராம். முப்பத்தைந்து வயதானால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள், அந்தக் காலத்து விதி அது. கல்யாணம் செய்துகொண்டாலும் அதே கதிதான். இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வயதை மட்டும் நிறுத்த முடியவில்லை. அங்கே கடைசி நாளும் விமானத்துக் கதவில் நின்று எல்லோரையும் கும்பிட்டு அனுப்பிவிட்டு, அப்புறம்தான் தானும் இறங்கினேன் என்று ஒரு தடவை சொன்னார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் எங்களுக்குப் பெரிய பேஜாரு. இன்கிரிமெண்ட் லெட்டர் கொடுக்கும்போதும் அதே சிரிப்பு, மெமோ கொடுக்கும்போதும் அதே சிரிப்பு. உறையை வாங்கினவன் பிரித்துப் படிக்கிற வரைக்கும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நிற்பான்.

ஒரே மாதத்தில் நூற்றைம்பது பேரின் பெயரும் அவருக்குத் தெரிந்துவிட்டது. காலையில் கேட்டில் ஒவ்வொருவனுக்கும் பெயர் சொல்லி வணக்கம். சாயங்காலம் ஒவ்வொருவனுக்கும் பெயர் சொல்லி, போயிட்டு வாங்க. அதுவரை எங்கள் ஆட்களை மேனேஜர் கூப்பிட்ட பெயர் "டேய்". நம்பர் சொல்லிக் கூப்பிட்டாலே மரியாதை என்று நினைத்துக்கொண்டவர்கள் அவர்கள். கும்பிடு மேடம் என்று பெயர் வைத்தார்கள். வைத்தது கிண்டலுக்குத்தான், ஆனால் இரண்டு மாதத்தில் வேலியோரம் நடந்தவர்களும் கேட்டு வழியாகவே வர ஆரம்பித்தார்கள். எங்கிருந்தோ சட்டைக்குப் பொத்தான் எல்லாம் முளைத்தது.

நிர்வாகம் ஒரு தடவை எடை பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி அனுப்பியது. ஆட்களுக்கெல்லாம் உடம்புக் கணக்கு எழுத வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. அந்தம்மா அதைச் சுற்றி ஒரு தடவை வந்து பார்த்தார். "இதை ஸ்டோர்ஸ்ல பெயிண்ட் டின் நிறுக்க வச்சுக்குங்க," என்றார். நான் உத்தரவைக் காட்டினேன். "மாசா மாசம் எங்களை இதுல ஏத்துவாங்க. ரெண்டு கிலோ கூடினா பறக்க முடியாது, கீழே உக்காந்து ஃபைல் அடுக்கணும். பதிமூணு வருஷம் ராத்திரி சோறு சாப்பிட்டதில்லை நான்," என்றார். அப்போதும் அதே சிரிப்பு. நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர்ஸுக்குப் போனேன்.

இப்போது ஏழுமலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாமே அவனிடம் போய்த்தான் முடிகிறது. அவன் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். எங்களிடம் தற்காலிக ஹெல்பர். தற்காலிக ஆட்கள் ஒரு நாள் விடாமல் இருநூற்று நாற்பது நாள் வந்தால் பர்மனெண்ட். இடையில் ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். இது சட்டமா என்று கேட்காதீர்கள், எங்கள் மேனேஜர் வைத்த வழக்கம். ஏரியில் இன்னொரு வழக்கம். பாடு என்பார்கள். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் கூடி வரிசை வைத்திருக்கும். அவனவன் முறை வருகிற அன்றைக்குப் பேர் உள்ளவனே படகில் இருக்க வேண்டும். அண்ணனுக்குப் பதில் தம்பி, தம்பிக்குப் பதில் அண்ணன் என்பதெல்லாம் அங்கே நடக்காது. போகாவிட்டால் அன்றைய பாடு போச்சு. நாலைந்து தடவை போகாவிட்டால் பேரையே எடுத்துவிடுவார்கள்.

இரண்டு இடத்திலும் பேர், இரண்டு இடத்திலும் ஆள் நேரில் வேண்டும் என்றால் ஒருத்தன் என்ன செய்வான்? ஏழுமலைக்குத் தேசப்பன் என்று ஓர் அண்ணன். இரண்டு வயதுதான் வித்தியாசம், அதே உயரம், அதே மூக்கு. தம்பியின் பாடு வருகிற நாளில் அண்ணன் தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு ரயிலேறி வந்து, தம்பியின் டோக்கனைப் போட்டு, தம்பியின் வேலையைச் செய்துவிட்டுப் போவான். குப்பத்தில் முகத்தைப் பார்ப்பார்கள், கம்பெனியில் டோக்கனைத்தான் பார்ப்பார்கள், அதனால் அப்படி. டோக்கனைப் பார்க்கிறவன் நான். நான் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். ஏழுமலையின் பெண்டாட்டி அப்போது முழுகாமல் இருந்தாள், மாட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அவ்வப்போது தாமரை இலையில் கட்டிய இறாலும் வந்தது. வெளியே தெரிந்தால் அவன் பர்மனெண்ட் கனவும் போகும், என் வேலையும் போகும். மீஞ்சூரில் எனக்குக் கல்யாணமாகாத இரண்டு தங்கைகள்.

அந்தம்மாவின் இன்னொரு பழக்கம், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு தொழிலாளி வீட்டுக்குப் போவது. ஏழுமலை வீட்டு முறை வந்தபோது என்னையும் கூட வரச் சொன்னார். பொன்னேரியிலிருந்து பஸ். குப்பத்தில் காய்ந்துகொண்டிருந்த வலை மேலேயே உட்கார்ந்தார். கருவாட்டுக் குழம்பை ஊற்றச் சொல்லி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். தேசப்பன் எதிரே வராமல் படகுக்குப் பின்னால் ஏதோ வேலை இருக்கிற மாதிரி குனிந்துகொண்டே இருந்தான். அந்தம்மா எழுந்து போய், "உங்க பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னான். "தேசப்பன்," என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் அவசரமாகக் கை கழுவ எழுந்தேன்.

ஆடி மாதம் அது வெடித்திருக்க வேண்டியது. ஏழுமலை பெரியபாளையம் போய் மொட்டை போட்டுக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்கு வந்தான். தலையெல்லாம் சந்தனம். "வணக்கம் ஏழுமலை, வேண்டுதலா?" என்று அந்தம்மா கேட்க, "ஆமா மேடம், ஊட்ல நல்லபடியா பொறக்கணும்னு," என்றான். செவ்வாய்க்கிழமை அவனுக்குப் பாடு. மடப்பயல்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. தேசப்பன் வழக்கம்போலத் தம்பி சட்டையில், தலை நிறைய முடியோடு வந்து கேட்டில் நின்றான். அந்தம்மா கை கூப்பினார். "வணக்கம். முடி சீக்கிரம் வளந்துடுச்சே," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பெயரையும் சொல்லவில்லை. தேசப்பன் டோக்கனைப் பெட்டியில் போடும்போது அது கீழே விழுந்து உருண்டு, மூன்றாம் தடவைதான் உள்ளே போயிற்று.

அடுத்த பாடு நாளில் அவன் தானும் மொட்டையடித்துக்கொண்டு வந்தான். அதற்குள் ஏழுமலைக்கு அரை அங்குலம் வளர்ந்திருந்தது. இவர்களை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல.

மெமோ வரும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். வரவில்லை. சாயங்கால ரயிலில் அந்தம்மா பட்டணத்துக்குப் போவார், நான் மீஞ்சூரில் இறங்குவேன். ஒருநாள் என் எதிர்ப் பலகையில் வந்து உட்கார்ந்தார். கவரைப்பேட்டை தாண்டியதும், கேட்காமலேயே ஒரு கதை சொன்னார்.

"ஒரு தடவை ஃப்ளைட்ல ஒரு பெரியவர் உக்காந்த வாக்குலயே போயிட்டார். தூங்குறார்னு நினைச்சு நான் போர்வை போத்திவிட்டேன். டிக்கெட்ல இருந்த பேருக்குத் தந்தி கொடுத்தாங்க. அந்த வீட்டு அம்மா அலறிக்கிட்டு ஏர்போர்ட் வந்தாங்க. முகத்துத் துணியை எடுத்துப் பாத்தா வேற ஆளு. இவங்க வீட்டுக்காரர் தன் டிக்கெட்டை சிநேகிதருக்குக் கொடுத்திருக்கார். அவங்க சிரிக்கிறாங்க, அழறாங்க, சிரிக்கிறாங்க. செத்தவரோட வீட்டுக்குச் சொல்ல மூணு நாள் ஆச்சு. அதுவரைக்கும் அந்த வீட்ல அவருக்குச் சாப்பாடு எடுத்து வச்சிருப்பாங்க இல்ல?"

பொன்னேரி வந்தது, போயிற்று.

"விமானத்துல கதவு சாத்திட்டா அதுக்கப்புறம் எதையும் மாத்த முடியாது," என்றார். "எதுனா சொல்றதா இருந்தா கதவு சாத்துறதுக்கு முன்னாடி சொல்லிடணும். பாடு நாள்னு ஒண்ணு இருக்காம், கேள்விப்பட்டேன். லீவு விதியை மாத்தலாமான்னு மேனேஜர்கிட்ட கேக்கலாம். ஆனா யாராவது எங்கிட்ட வந்து வாயால சொல்லணும்."

இதைவிட வெளிப்படையாக ஒரு மனுஷி எப்படிக் கேட்பார்? எனக்குப் புரிந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் தோன்றியது. என் வாயைப் பிடுங்குகிறாரோ? நான் சொல்லி, அதை அவர் அந்தச் சிரிப்போடு எழுதிவைத்து, நாளைக்கு என் கையிலும் ஓர் உறையைக் கொடுத்தால்? மீஞ்சூர் வந்ததும், "வரேன் மேடம்," என்று இறங்கிவிட்டேன்.

இந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் வந்ததில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. மாதம் ஒரு தடவை நாலு பேரைக் கம்பெனி வேனில் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அழைத்துப்போய், நாங்கள் செய்த ஏணியில் ஜனங்கள் இறங்குவதைக் காட்டுவது அந்தம்மா கொண்டுவந்த ஏற்பாடு. தான் செய்த பொருளை யார் மிதிக்கிறார்கள் என்று ஆளுக்குத் தெரியணும் என்பார். ஏழுமலையோடு நானும் ஒரு தடவை போனேன். வேலிக்கு இப்பால் நின்று பார்த்தோம். ஏணி போய் விமானத்தோடு சேர்ந்தது, கதவு திறந்தது. ஒரு பெண் வந்து நின்று கை கூப்பினாள். இறங்குகிறவர்களில் ஒருத்தர்கூட ஏணியைப் பார்க்கவில்லை. ஏழுமலை மட்டும் ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், அந்தப் பொண்ணு உங்களாட்டமே கும்புடுது," என்றான்.

"கையை நல்லாப் பாருங்க. கட்டை விரல் ஆடுதா? கைக்குள்ளே சின்னதா எண்ணுற மெஷின் இருக்கு. ஏறினவங்க எத்தனை, இறங்கினவங்க எத்தனைன்னு கணக்கு வைக்கணும்."

ஏழுமலைக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப அது கும்புடு இல்லியா?"

"ரெண்டும்தான்," என்றார் அந்தம்மா.

மறுநாளே கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. கும்பிடு மேடம் நம்மை மூட்டை எண்ணுகிற மாதிரி எண்ணுகிறது என்று. அதிலிருந்து எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்காமல் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். நானும் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சில நாள் விரல் ஆடும், சில நாள் ஆடாது. அவர் மேஜையில் பேனாவுக்குப் பக்கத்தில் உருண்டையாக ஓர் எஃகு மெஷின் இருந்தது நிஜம். அதை அவர் கேட்டுக்கு எடுத்துப் போனாரா என்று மட்டும் கடைசி வரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பார், நான் மறுபடியும் முதலிலிருந்து குழம்ப வேண்டும்.

ஐப்பசி மழையில் ஏரியில் இறால் நன்றாக விழுந்தது. ஏழுமலைக்கு இருநூற்று நாற்பதுக்கு இன்னும் ஒன்பதே நாள். பெண் குழந்தை பிறந்து, குழந்தையும் தாயும் சுகம். அன்றைக்கு அவனுக்குப் பாடு, தேசப்பன் வந்திருந்தான். மத்தியானம் ஒரு படிக்கட்டைச் சங்கிலியில் தூக்கிப் புரட்டும்போது கொக்கி நழுவிவிட்டது. படிக்கட்டு அவன் வலது காலின் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது.

எல்லோரும், "ஏழுமலை, ஏழுமலை," என்று கத்திக்கொண்டு நின்றார்கள். அந்தம்மா ஓடி வந்து கிரீஸ் தரையில் அப்படியே உட்கார்ந்து, அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "தேசப்பன், என்னைப் பாருங்க. கண்ணை மூடாதீங்க. தேசப்பன்." ஐம்பது பேர் காதில் அது விழுந்தது. எனக்கு அந்த நிமிஷத்தில் அடிபட்டவன் காலைப் பற்றி நினைக்கத் தோன்றவில்லை. என் தங்கைகளைப் பற்றித்தான் தோன்றியது. அதை மறைத்து எழுதி என்ன பிரயோசனம்.

அவனை வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் மேனேஜர் அந்தம்மாவையும் என்னையும் ரூமுக்குக் கூப்பிட்டார். விபத்துப் புத்தகம் மேஜையில் விரித்திருந்தது. அதில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது பர்சனல் ஆபீசர்.

"ஏழுமலைன்னே எழுதுங்க," என்றார் மேனேஜர். "சம்பந்தமில்லாதவன் உள்ள வந்து அடிபட்டான்னு எழுதினா இன்ஸ்பெக்டர் என்னைத் தின்னுடுவான். தம்பியைக் கூப்பிட்டு அவன் காலுக்கும் ஒரு மாவுக்கட்டு போட்டு, மூணு மாசம் வீட்ல படுக்க வச்சிருங்க. அவன் பர்மனெண்டுக்கு நான் பொறுப்பு. ஒருத்தனுக்கும் நஷ்டமில்லை."

கேட்கக் கேட்க எனக்கு உயிர் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஏழுமலையும் வந்துவிட்டான். சேதி கேட்டுப் படகிலிருந்து அப்படியே ஓடி வந்தவன், இடுப்புத் துணி இன்னும் ஈரமாக இருந்தது.

"மேடம், எம் பேரப் போடுங்க மேடம். அண்ணன் ஒண்ணும் சொல்லாது. மாவுக்கட்டு நான் போட்டுக்கினு குந்திக்கிறேன். இன்னும் ஒம்போது நாள்தான் மேடம்."

"உங்க கால் நல்லா இருக்கே, ஏழுமலை," என்றார் அந்தம்மா. சிரித்தார். அந்த இடத்தில் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பழக்கத்தில் வந்துவிட்டதா, வேறு முகமே அவரிடம் மிச்சமில்லையா, எனக்குத் தெரியாது.

பிறகு சொன்னார், "நாளைக்கு அந்தக் கால்ல சீழ் வச்சு எடுக்கணும்னா, யார் காலை எடுக்கறதுன்னு எழுதுவாங்க? உயிருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பெண்டாட்டிகிட்ட போய்ச் சொல்றது?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது மேடம்," என்று ஏழுமலை அவர் காலைத் தொடப் போனான். அந்தம்மா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்து, தேசப்பன் என்று எழுதினார். நிதானமாக, அச்சுக் கோத்த மாதிரி எழுத்து.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தே டைம் ஆபீஸ்ல?"

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

"அவரைக் கேக்காதீங்க," என்றார் அந்தம்மா, தலையைத் தூக்காமல். "கேட்ல நின்னது நான். ஆள் யாருன்னு தெரிஞ்சுதான் வணக்கம் சொல்லி உள்ளே விட்டேன். அதையும் எழுதறேன்." எழுதினார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கத்தில் என் பெயர் எங்கேயும் இல்லை.

மறுநாள் ஏழுமலையை நிறுத்திவிட்டார்கள். ஆபீசரே தெரிந்து உள்ளே விட்டு வேலை வாங்கியதாக எழுத்தில் இருந்ததால் தேசப்பனின் வைத்தியம் கம்பெனி தலையில் விழுந்தது, காலும் பிழைத்தது. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? ஒரு பேரை மாற்றி எழுதியிருந்தால் தீர்ந்து போயிருக்கும், அந்தம்மா வேண்டுமென்றே ஒரு பச்சைப் பிள்ளைக்காரன் வயிற்றில் அடித்துவிட்டது என்றுதான் கம்பெனி முழுக்கப் பேச்சு. நானும் அவர்களோடு டீ குடித்துக்கொண்டே, "ஆமாமா," என்றேன். அன்று சாயங்காலம் போயிட்டு வாங்க என்று கை கூப்பியவருக்கு ஒருத்தனும் பதில் சொல்லவில்லை. பழையபடி வேலியோரம் நடந்தார்கள்.

ஒரே வாரத்தில் அவருக்கும் உறை வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினார். ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் ஃபைலும் டிபன் கேரியரும். ஜன்னலுக்கு எதிரே நின்றார். இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் கும்பிட முடியவில்லை. என் பெயரைச் சொல்லி, "வரேன்," என்றார், அவ்வளவுதான். ஸ்டேஷன் வரை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஷெட்டிலிருந்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டோக்கன்களை எண்ண ஆரம்பித்தேன். காலையிலேயே எண்ணி முடித்த டோக்கன்கள்.

அதன்பின் நாலைந்து வருஷம் இருக்கும். பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் காலை இழுத்து இழுத்து வந்து என் முன்னால் நின்றான். தேசப்பன். தலையில் நல்ல முடி. ஏழுமலை எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"ஏரியில போறான் சார். அந்தம்மா பேச்ச எடுத்தாலே இப்பவும் ஏசுவான். நைனா உயிரோட இருந்தா அந்தம்மா ஊட்டுக்கே போய்க் கேட்டிருக்கும்ன்றான்."

"நீ?"

காலை மாற்றி வைத்துக்கொண்டான். "எனுக்கு ஒண்ணும் வெளங்கல சார். தம்பி பொழப்பு போச்சுன்னா வவுறு எரியுது. ஆனா பாரு, ஒரு வருசத்துக்குக் கிட்ட அந்தக் கம்பெனிக்கு வந்துகினு போய்க்கினு இருந்தேன். அல்லாருக்கும் நானு ஏழுமலதான். உனுக்குங்கூட. உசுரு போற மாதிரி வலிக்கும்போது எம் பேரச் சொல்லிக் கூப்ட்டது அது ஒண்ணுதான்."

அவனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். அந்தம்மா ரயிலில் என்னிடம் கேட்டதை, நான் இறங்கிப் போனதை, மேனேஜர் ரூமில் வாயை மூடிக்கொண்டு நின்றதை, என் பழியை அவர் தன் மேல் எழுதிக்கொண்டதை, ஒன்று விடாமல். முதல் தடவையாக ஒரு மனிதரிடம் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று பார்த்தேன். அவன் காதில் பாதி விழுந்ததோ இல்லையோ, வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் சார், அந்தம்மா பேரு இன்னா?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. நூற்றைம்பது பேரின் பெயரை நம்பரோடு தினம் தினம் எழுதியவன் நான். ஆபீசர்களுக்கு டோக்கன் கிடையாது, அவர் பெயரை ஒரு நாளும் எழுதியதில்லை. கையெழுத்து ஒரு கிறுக்கல், அதற்குக் கீழே பர்சனல் ஆபீசர். கும்பிடு மேடம், கும்பிடு மேடம் என்றே சொல்லிச் சொல்லி, அந்த இடத்தில் வேறொன்று இருந்த ஞாபகம்கூட இல்லை. ஒருநாளாவது கேள்விப்பட்டிருப்பேன், கட்டாயம் கேள்விப்பட்டிருப்பேன்.

பழவேற்காடு பஸ் வந்தது. தேசப்பன் கம்பியைப் பிடித்து முதலில் நல்ல காலை வைத்து ஏறினான். படியில் நின்று திரும்பி, "ஞாபகம் வந்தா சொல்லு சார். எனுக்குப் பொண்ணு பொறந்துகீது, அந்தப் பேர வைக்கணும்," என்றான்.

இன்னும் வரவில்லை.